சி எழுத்துக்கு எந்தக் கீ: ஒற்றைக் கீயா, பேடிலா?

புள்ளியும் கோடுமாக எழுத்துகளை ஒலியில் அனுப்பும் மோர்ஸில், ஆங்கில எழுத்து சி (C) என்பது டா-டி-டா-டிட். டா என்றால் கோடு, டி அல்லது டிட் என்றால் புள்ளி. ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று கூப்பிடும் சிக்யூ-வின் முதல் எழுத்தே இதுதான்.

ஒற்றைக் கீ என்பது கையால் அழுத்தி விடும் ஒரே நெம்புகோல்; அதில் எல்லாமே உங்கள் மணிக்கட்டு வேலை. கோடு 3 புள்ளி நீளம், நடுவில் விடும் இடைவெளி 1 புள்ளி நீளம். இரண்டாவது ஒலிக்குப் பிறகு கை கொஞ்சம் தயங்கினால் போதும், கேட்பவருக்கு சி வராது. டா-டிட், டா-டிட் என்று இரண்டு என் (N) எழுத்து விழும். இந்தத் தப்பைக் காதால் பிடிக்கப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி.

இரட்டைப் பேடிலில் கோட்டுக்கு ஒரு பக்கம், புள்ளிக்கு ஒரு பக்கம்; அதோடு இணைந்த கீயர் கருவியே அளவு பார்த்துக்கொள்ளும். கோட்டுப் பக்கத்தை முதலில் தொட்டு, உடனே மற்றதையும் சேர்த்து அழுத்தினால், டாவும் டியும் மாறி மாறித் தானாக வரும். சுகம்தான். ஆனால் விரலை எடுக்கத் தாமதித்தால் கூடுதலாக ஒரு டா ஒட்டிக்கொள்ளும்.

வேகம் வேண்டும் என்றால் பேடில், சரி. முதல் எழுத்துக்கு நான் ஒற்றைக் கீயைத்தான் சொல்வேன். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிவினாடிதான். அந்த அளவு முதலில் கையில் ஊறட்டும், அப்புறம் பேடில் வாங்கலாம்.