கைமாறிய பாட்காஸ்ட் சேவை: கேட்பவர்கள் போகவில்லை, பெயர்கள் போயின

வியாசர்பாடியில் கால்பந்துக்கென்றே ஒரு பாட்காஸ்ட் தொடங்கப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, உங்கள் பாட்காஸ்டை ஏற்றி வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில் இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்களே, நம்பிச் சேரலாமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அவரைப் போல இன்னும் பலர் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கேட்டவருக்கு அது தெரியும்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வெளியிடுகிறேன். கட்டுமரத்தில் போனவர்கள், கருவாடு காயவைத்தவர்கள், பின்னி ஆலையில் வேலை பார்த்த குடும்பத்தார், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் என்று பலரும் பேசியிருக்கிறார்கள். சேமிப்பிடம், மாதக் கட்டணம், எத்தனை மணி நேரம் ஏற்றலாம் என்பதெல்லாம் ஹோஸ்டிங் நிறுவனத்தின் விலைப் பட்டியலிலேயே இருக்கிறது. நான் சொல்லவருவது, அந்தச் சேவை வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனபோது என்ன நடந்தது, ஓராண்டுக்கு மேலாகியும் என்ன நடக்கவில்லை என்பதை.

விற்பனைச் செய்தி மின்னஞ்சலில் வந்த அன்று எனக்கு வயிற்றில் புளி கரைந்தது உண்மை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வலைப்பதிவுகளிலும் பாட்காஸ்டுகளிலும் புதிதாக வருவதைச் சந்தாதாரர்களுக்குக் கொண்டுசேர்த்த ஃபீட்பர்னர் சேவை 2004இல் தொடங்கியது, 2007இல் கூகுள் அதை வாங்கியது, 2021 ஜூலையோடு அதன் மின்னஞ்சல் சந்தா வசதி நின்றது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியே 2024இல் மூடப்பட்டது. பெரிய கைக்குப் போனால் பத்திரமாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாட்காஸ்டுக்கு உயிர்நாடி ஃபீட் முகவரி ஒன்றுதான், அதாவது எல்லாப் பகுதிகளின் பட்டியலும் இருக்கும் கோப்பின் இணைய முகவரி. கேட்பவர் கைப்பேசியில் உள்ள செயலி அந்த முகவரியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. முகவரி செத்தால் அவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகாது. புதிய பகுதி வருவது நின்றுவிடும், அவர்களும் நாம் நிறுத்திவிட்டோம் என்று எண்ணிக்கொள்வார்கள். என்னிடம் அவர்களுடைய தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ கிடையாது. ஒருமுறை அறுந்தால் திரும்பக் கட்ட வழியில்லை.

அந்த இடத்தில் புதிய நிறுவனம் செய்த வேலையை மனமாரப் பாராட்டுகிறேன். பழைய முகவரியில் 301 என்னும் நிரந்தர வழிமாற்றைப் போட்டார்கள். இது 302 ஆக இருந்திருந்தால் தற்காலிக மாற்றம் என்று பொருள், செயலிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். 301 என்றால் இனி அந்த வீடு இல்லை, இந்த வீடுதான் என்று அர்த்தம். கூடவே ஃபீடுக்குள் புதிய முகவரியைச் சொல்லும் தனிக் குறிச்சொல்லையும் சேர்த்திருந்தார்கள். ஆப்பிளின் பாட்காஸ்ட் சேவை இந்த இரண்டையும் செய்யச் சொல்கிறது, வழிமாற்றைக் குறைந்தது நான்கு வாரமாவது வைத்திருக்கவும் சொல்கிறது. இவர்கள் இன்றுவரை எடுக்கவில்லை. பழைய முகவரிக்கு நானே கோரிக்கை அனுப்பிப் பார்த்தேன். 301 என்று பதில் வருகிறது, அடுத்த வரியில் புதிய முகவரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஜி.யு.ஐ.டி. ஒவ்வொரு பகுதிக்கும் ஃபீடில் ஓர் அடையாளக் குறி உண்டு. செயலி அதைப் பார்த்துத்தான் "இது ஏற்கெனவே வந்தது, இது புதியது" என்று பிரிக்கிறது. சேவையை மாற்றும்போது இந்தக் குறிகளைப் புதிதாக உருவாக்கிவிட்டால், கேட்பவர் கைப்பேசியில் பழைய பகுதிகள் அனைத்தும் புதியவை போல வரிசையாக வந்து விழும். டேட்டாவும் போகும், பொறுமையும் போகும், பாதிப் பேர் சந்தாவை நீக்கிவிடுவார்கள். இவர்கள் ஒரு குறியைக்கூட மாற்றவில்லை. மாற்றத்துக்கு முன் நான் இறக்கி வைத்திருந்த ஃபீட் கோப்பையும் பின்னால் வந்ததையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அச்சுப் பிசகாமல் இருந்தது. ஒலிக்கோப்புகளையும் மறுபடி சுருக்கித் தரத்தைக் கெடுக்கவில்லை. 64 கேபிபிஎஸ் மோனோவில் அரைமணி நேரம் என்றால் சுமார் 14 எம்பி வரும். நான் ஏற்றிய அளவு எதுவோ அதே அளவுதான் இன்றும் இறங்குகிறது. காசிமேட்டு ஏலக்கூவலும் பின்னால் ஓடும் ஐஸ் உடைக்கும் இயந்திரமும் அப்படியே கேட்கின்றன. கேட்பவர்கள் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுத்த பகுதி வழக்கம்போல அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. கைமாறியதே பலருக்குத் தெரியாது.

பணம் கட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க ஒவ்வொரு வணிகருக்கும் நாம் தனியாக ஒப்புதல் பதிய வேண்டும். வணிகரின் பெயர் மாறியதும் பழைய ஒப்புதல் பயன்படவில்லை. புதிதாகப் பதிந்ததும் சரியாகிவிட்டது. பதிவிறக்க எண்ணிக்கையும் ஒரே நாளில் சரிந்து தெரிந்தது. அது கேட்பவர் குறைந்ததால் அல்ல. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரே செயலி ஒரே பகுதியை 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை கேட்டாலும் ஒன்றாகவே எண்ணும் முறைக்கு இவர்கள் மாற்றினார்கள். பழையவர்கள் தாராளமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். உண்மையான எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அதுதான் வேண்டும். இதில் எனக்குக் குறையில்லை.

என் குறை ஒன்றே ஒன்றுதான். அது ஓராண்டுக்கு மேலாக ஆறாமல் இருக்கிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் கீழே நான் குறிப்பு எழுதுவேன். பேசியவர் யார், எந்தத் தெரு, எந்தத் தொழில் என்று தொடங்கி, பேச்சில் வரும் சொற்களுக்கு ஒரு சிறு அகராதி போடுவேன்: காரப்பொடி, காணாங்கத்தை, கிழங்கான், சென்னாக்குன்னி என்று மீன், இறால் பெயர்கள், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கே இதில் பாதி இன்று தெரியாது. கடைசியில் பேசியவரின் முழுப்பெயர், அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், உட்கார இடம் கொடுத்த வீட்டார் என்று நன்றிப் பட்டியல் வரும். பழைய சேவையில் இவை முழுமையாக இருந்தன. புதிய நிறுவனம் எல்லாவற்றையும் தன் தரவுத்தளத்துக்கு மாற்றியபோது குறிப்புக்கு 4,000 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு) என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. அதற்கு மேல் இருந்ததை எல்லாம் வெட்டிவிட்டது.

இந்த வரம்பு ஆங்கிலத்துக்குத் தாராளம், தமிழுக்குக் கத்தி. காசிமேடு என்று எழுதிப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க, கால், ச, மேல்விலங்கு என்று மெய்யுருவும் உயிர்க்குறியும் தனித்தனியாக எட்டுக் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 3 பைட். ஆக 24. அதே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்து, எட்டு பைட், அவ்வளவுதான். 4,000 பைட் என்பது ஆங்கிலத்தில் அறுநூறு சொற்களுக்கு மேல் பிடிக்கும். தமிழில் ஏறக்குறைய 1,300 குறியீடுகள், நூற்றைம்பது சொற்களைத் தாண்டினாலே முடிந்தது. இந்தி, வங்காளம், மலையாளம், தாய், சீனம் எல்லாவற்றுக்கும் இதே மூன்று பைட் கணக்குதான். உலகில் கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்.

வெட்டிய விதமாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. சொல் முடியும் இடம் பார்த்து நிறுத்தவில்லை. எழுத்து முடியும் இடம்கூடப் பார்க்கவில்லை. கருவாடு பற்றிய பகுதியில் "சென்னாக்குன்னி" என்ற சொல் "சென்னாக" என்று நிற்கிறது. அதற்கு மேலிருந்த புள்ளி பாதி பைட்டில் அறுபட்டு, அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே இருந்த அகராதியின் மீதியும் நன்றிப் பட்டியலும் காணோம். பல பகுதிகளில் இதே கதி. வெட்டுப்பட்டதில் அதிகம் பெயர்கள்தான், ஏனென்றால் பெயர்களை நான் கடைசியில் எழுதுகிறேன்.

அந்தக் கருவாட்டுப் பகுதியில் பேசிய அம்மாவைக் காசிமேட்டில் ஒருநாள் பார்த்தேன். எழுபது வயதைக் கடந்தவர், படிக்கத் தெரியாது. பேரன் கைப்பேசியைத் திறந்து அவருக்குக் குறிப்பைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கடைசி வரி வந்ததும் அவன் நிறுத்திவிட்டான். "என் பெயர் வரும் என்று சொன்னாயே, வரவில்லையே" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் பைட் கணக்கை அவருக்கு எப்படிச் சொல்வேன்? வாழ்நாள் முழுவதும் உப்பில் கை வைத்து உழைத்தவரின் பெயர் பொதுவில் எழுத்தாக வந்த இடம் அது ஒன்றுதான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் குறிப்பு 4,000 எழுத்துகள் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது" என்று பதில் வந்தது. என் குறிப்பில் இடைவெளியையும் சேர்த்து எண்ணினால்கூட இரண்டாயிரம் வராது. உதவிப் பக்கத்தில் எழுத்துகள் என்று போட்டிருக்கிறது, மென்பொருள் பைட் எண்ணுகிறது, இரண்டும் ஒன்றல்ல என்று மறுபடி எழுதினேன். பழைய ஃபீட் கோப்பையும் இணைத்தேன். வேறொருவர் அதே வாக்கியத்தை மறுபடி அனுப்பினார். மூன்றாவதாக ஒரு பொறியாளர் பேசினார். அவருக்கு உடனே புரிந்தது. தரவுத்தளத்தில் அந்தப் புலத்தின் அளவை மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடுவது ஆபத்து, பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்றார். நியாயமான பதில். அவர் சொன்னதில் பொய்யில்லை என்று நம்புகிறேன். ஓடும் தரவுத்தளத்தில் கை வைப்பது அரைநாள் வேலையல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் டாஷ்போர்டின் நிறத்தை மாற்றினார்கள், விளம்பரம் செருகும் வசதி கொண்டுவந்தார்கள், இப்போது விலையையும் குறைத்திருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைத்திருக்கிறது.

பெயர்களை மேலே கொண்டுபோய் வைத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். புதிய பகுதிகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். அப்போது அகராதி வெட்டுப்படுகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், என் மொழியின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று மடங்கு வசூலிக்கும் ஒரு கட்டம் முடிவு செய்யக் கூடாது. மேலும் பழைய பகுதிகளில் போனது போனதுதான். அவர்களிடம் முழு வாசகம் இல்லை, என்னிடமுள்ள கோப்பில் மட்டுமே இருக்கிறது.

தம்பிக்கு வருகிறேன். கைமாற்றத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்த நிறுவனத்தை நான் வேறு பார்த்ததில்லை. கேட்பவர் ஒருவரைக்கூட இழக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒலியைத் தொடவில்லை. எண்ணிக்கையில் நேர்மை. கட்டணமும் இப்போது குறைவு. இவ்வளவும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: சேராதீர்கள். கோல் கணக்கை இரண்டு வரியில் போட்டு முடித்துக்கொள்வேன், குறிப்பு எனக்கு முக்கியமில்லை என்றால் உங்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாமல் போகலாம், அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வியாசர்பாடி மைதானத்தில் விளையாடி வளர்ந்த பழைய ஆட்டக்காரர்களைப் பேசவைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அவர்கள் பெயர்கள் கீழே வரவேண்டும்.

நானும் வெளியேறுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை இருக்கும். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில்தான் எனக்குப் பதிவு வேலை அதிகம். அதற்கு முன்பே மாற்றிவிடுவேன். இம்முறை ஃபீட் முகவரியை என் சொந்த டொமைனில் வைக்கிறேன், அதன் பின்னால் எந்த நிறுவனம் இருந்தாலும் கேட்பவருக்கு முகவரி மாறாது. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் இதை முதல் நாளே செய்துகொள்ளுங்கள். ஃபீடில் உள்ள மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேறிடம் போகும்போது சரிபார்ப்புக் குறியீடு அந்த முகவரிக்குத்தான் வரும். வேறிடத்துக்கு யாரும் நகர்த்திவிடாதபடி ஃபீடைப் பூட்டும் வசதி போட்டிருந்தால் அதை நீங்களே திறக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சேரும் முன்பு சோதனைக் கணக்கில் முந்நூறு சொற்களில் ஒரு தமிழ்க் குறிப்பை ஏற்றி, வெளியே வரும் ஃபீடைத் திறந்து கடைசி வரி முழுமையாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் பணம் கட்ட வேண்டாம்.