ஹோட்டல் பாயிண்ட்டில் குடும்பப் பயணம்: மேரியட் பான்வாயா, ஹில்டன் ஹானர்ஸா?

மேரியட், ஹில்டன் ஹோட்டல் குழுமங்கள் உறுப்பினருக்குப் பாயிண்ட் தரும் திட்டங்கள் இவை; பாயிண்ட்டைக் கொடுத்து அறை எடுக்கலாம். ஒரே ஊரில் ஐந்து இரவு தங்குகிற குடும்பத்துக்கு இரண்டுமே நன்றாகக் கைகொடுக்கும். மேரியட்டில் தொடர்ந்து 5 இரவை முழுக்கப் பாயிண்ட்டில் எடுத்தால், அவற்றில் பாயிண்ட் குறைவான இரவு இலவசம். எல்லா உறுப்பினருக்கும் உண்டு. ஹில்டனில் ஐந்தாம் இரவு இலவசமாக வேண்டுமென்றால் சில்வர் நிலையாவது (சாதாரண உறுப்பினருக்கு அடுத்த படி) தேவை. ஆனால் முழுக்கப் பாயிண்ட்டில் தங்குவோரிடம் ஹில்டன் ரிசார்ட் கட்டணம் (வாடகைக்கு மேல் விடுதி வசூலிக்கும் கூடுதல் கட்டணம்) வாங்குவதில்லை. மேரியட்டில் அது தனியாக வரும், அதனால் கடற்கரை விடுதி என்றால் என் ஓட்டு ஹில்டனுக்கே.

பலர் சறுக்குவது கிரெடிட் கார்டு பாயிண்ட்டை அவசரமாக ஹோட்டல் கணக்குக்கு மாற்றுவதில்தான். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. முதலில் குழந்தைகளின் எண்ணிக்கை, வயதையும் கொடுத்துத் தேடுங்கள். இருவருக்குக் கிடைக்கும் சாதாரண அறை நால்வருக்கு மறுக்கப்படலாம். அறை இருந்தால், வரியோடு சேர்த்த வாடகையைப் பாயிண்ட்டால் வகுங்கள். வாடகை 12,000, பாயிண்ட் 30,000 என்றால் பாயிண்ட்டுக்கு 0.40. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாறும் அதே பாயிண்ட்டுக்குக் கார்டு 0.50 ரொக்கமாகத் தருமானால், மாற்றுவது நஷ்டம்.

இரண்டு திட்டத்திலும் 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் பாயிண்ட் காலாவதியாகும். கார்டிலிருந்து கொஞ்சம் பாயிண்ட்டை மாற்றினாலே கணக்கு உயிரோடு இருக்கும்.