கெயின்ஸை எடைபோட: வாழ்க்கையா, வாதமா?

வேலையின்மையைப் போக்க அரசு செலவழிக்கலாம் என்று வாதிட்ட பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: ஆளைப் பார்ப்பதா, கருத்தைப் பார்ப்பதா?

உழைப்பு
வாழ்க்கை: ஒரு கிசுகிசு போதும்.
வாதம்: புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

நம்பகம்
வாழ்க்கை: கெயின்ஸ் தன்பாலீர்ப்பாளர், பிள்ளை இல்லாதவர், அதனால்தான் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்ற பொருளில் வரலாற்றாசிரியர் நியால் ஃபெர்குசன் 2013இல் பேசினார், பிறகு மன்னிப்பும் கேட்டார். "நீண்ட காலத்தில் நாம் எல்லோரும் செத்திருப்போம்" என்ற கெயின்ஸின் வரியைத்தான் இப்படி வளைக்கிறார்கள்.
வாதம்: 1923இல் வந்த அந்தப் பத்தியை முழுசாகப் படித்தால் கதையே வேறு. புயல் நேரத்தில், அது ஓய்ந்தபின் கடல் அடங்கிவிடும் என்று மட்டும் சொல்லும் பொருளாதார அறிஞரால் என்ன பயன் என்கிறார். அப்புறம், பேரப்பிள்ளைகளின் காலத்துப் பொருளாதாரத்தைப் பற்றி 1930இல் கட்டுரை எழுதியதும் இதே மனிதர்தான்!

எது யாருக்கு?
வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு முதலாவது. வேலையின்மையைப் போக்க அரசு செலவழிக்கலாமா என்று யோசிப்பவருக்கு இரண்டாவதே போதும், படுக்கையறை வேண்டாம். ஆனால் ஒரு பொருளாதார அறிஞர் யாரிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதினார் என்று கேட்பது நியாயம். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே 2012இல் தன் இதழ்களில் எழுதுவோர் அதைச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.