மண்டபத்திலேயே எடிட்: 14 இன்ச் மேக்புக் ப்ரோ, டி7 ஷீல்டு, டாவின்சி ரிசால்வ் செட் எப்படி?

காலையில் முகூர்த்தம். மாலை ரிசப்ஷனில் அதே முகூர்த்தம் மூன்று நிமிட வீடியோவாக எல்இடி திரையில் ஓட வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் இப்போது சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். ஸ்டுடியோவுக்குப் போய் வர நேரமில்லை. மணமகன் அறைக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஒரு மேசையில் எல்லாம் முடிய வேண்டும். அந்த வேலைக்கான தோள்பை செட் ஒன்றைத்தான் இங்கே எடைபோடுகிறோம்: 2024இல் வந்த எம்4 சிப் 14 இன்ச் மேக்புக் ப்ரோ, வெளியே செருகும் சாம்சங் டி7 ஷீல்டு 2 டிபி எஸ்எஸ்டி டிரைவ் இரண்டு, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள்.

வாங்கலாம். ஆனால் லேப்டாப்பின் வேகத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மூன்று நிமிட வீடியோ எக்ஸ்போர்ட் ஆக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கார்டு காப்பி ஆவதிலும், மட்டமான கேபிளிலும், பிளேபேக் திக்கித் திக்கி ஓடுவதிலும்தான் மதியம் முழுக்கப் போகிறது.

பிளேபேக் திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் கோடெக்கும் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) லேப்டாப்பும் பொருந்தாததுதான். சோனி ஏ7 4 கேமராவில் எச்.265 கோடெக்கில் 4கே 50பி, 4:2:2 10-பிட் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் வகை) எடுத்தால் 200 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வரை போகும். அதாவது விநாடிக்கு 25 எம்பி, மணிக்கு 90 ஜிபி. மூன்று கேமராக் காட்சியை ஒரே நேரத்தில் மல்டிகேமாக ஓட்டினாலும் விநாடிக்கு 75 எம்பிதான். எந்த எஸ்எஸ்டியும் அசராமல் கொடுக்கும். சிக்கல், சுருக்கிய எச்.265 4:2:2 ஃபைலைப் படமாக விரிப்பதில் (டிகோட்) இருக்கிறது. ஆப்பிள் சிப்பில் அதற்கென்று தனி மீடியா எஞ்சின் உண்டு. விண்டோஸ் பக்கம் இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து இதைச் செய்கிறது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்த கார்டும் 4:2:2ஐ வன்பொருளில் விரிக்காது. ரைசன் பிராசசரோடு ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட விலை உயர்ந்த கேமிங் லேப்டாப் இந்த ஃபுட்டேஜில் திணறுவது இதனால்தான். கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லி விற்பார். நீங்கள் கோடெக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

14 இன்ச் ப்ரோவின் எடை 1.55 கிலோ. மூன்று தண்டர்போல்ட் 4 போர்ட், எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு ஸ்லாட் எல்லாம் உடலிலேயே இருப்பதால் டாங்கிள் தேவையில்லை. எடை குறைவு என்று மேக்புக் ஏர் பக்கம் சாய்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: அதில் ஃபேன் இல்லை, கார்டு ஸ்லாட்டும் இல்லை. ஏசி எட்டாத மண்டப அறையில் மே மாத வெயிலில் தொடர்ந்து ரெண்டர் ஓடினால், சூட்டைக் குறைக்க ஏர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெமரி 16 ஜிபி போதுமா? வெட்டி ஒட்டி, கலர் போட்டு, பெயர் எழுத்து ஏற்ற போதும். ரிசால்வின் எஃபெக்ட்ஸ் பகுதியான ஃப்யூஷனில் கனமான வேலை செய்பவர்கள் 24 ஜிபியே வாங்கட்டும்; பிறகு கூட்ட வழியே கிடையாது.

கார்டு ஸ்லாட் யூஎச்எஸ்-2 வகை, எஸ்டி கார்டில் யூஎச்எஸ்-1ஐவிட வேகமான தலைமுறை. நல்ல யூஎச்எஸ்-2 கார்டு விநாடிக்கு 250 எம்பி கொடுத்தால் 128 ஜிபி ஒன்பது நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதே அளவு யூஎச்எஸ்-1 கார்டு என்றால் 90 எம்பி கணக்கில் 24 நிமிடம். கேமராவுக்குப் போதும் என்று மலிவு கார்டு வாங்கினால், மிச்சம் பிடித்த காசை எடிட் மேசையில் நேரமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டி7 ஷீல்டின் எடை 98 கிராம், ரப்பர் உறை, தூசிக்கும் நீருக்கும் ஐபி65 பாதுகாப்பு. பெட்டியில் விநாடிக்கு 1,050 எம்பி என்று போட்டிருக்கும். இதற்கு மேல் போய் டி9 வாங்குவது மேக்காரர்களுக்கு வீண்: அதன் 2,000 எம்பி வேகம் யூஎஸ்பி 3.2 ஜென் 2x2 போர்ட்டில்தான் வரும், இந்த மேக்கில் அது இல்லை. பாதி வேகத்தில்தான் ஓடும். மறுபக்கம், விலை குறைந்த க்யூஎல்சி வகை (ஒரே செல்லில் நான்கு பிட் திணிக்கும் மலிவு மெமரி) எஸ்எஸ்டியும் வேண்டாம். முதல் சில பத்து ஜிபி வேகமாக எழுதும், அதன் வேகமான தற்காலிக இடமான கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்டு டிஸ்க் போல நகரும். பெரிய கார்டை இறக்கும்போதுதான் அந்தக் குணம் தெரியும்.

கேபிள் விஷயம் தனி. யூஎஸ்பி-சி முனை இருப்பதெல்லாம் டேட்டா கேபிள் அல்ல. போன் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0, அதில் எஸ்எஸ்டியைச் செருகினால் 40 எம்பிதான் வரும், 128 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். டிரைவோடு வந்த கேபிளுக்குக் கலர் டேப் சுற்றி வையுங்கள், உதவியாளர் போன் சார்ஜுக்கு எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க.

டிரைவ் ஃபார்மேட்: மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். விண்டோஸுக்கும் போக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் அதில் ஜர்னலிங் (பாதியில் நின்ற எழுத்தை மீட்க வைக்கும் குறிப்பு) இல்லை. இஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் ஃபோல்டர் விவரமே சிதையலாம். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், எழுதாது.

ரிசால்வ் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். மேக்கில் 10-பிட் எச்.265ஐத் திறக்கும் (விண்டோஸ் இலவசப் பதிப்பில் திறக்காது), 4கே யூஎச்டி 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் தரும். நாய்ஸ் ரிடக்‌ஷன் அதில் இல்லை. மங்கலான மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி, படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வர எடுப்பவர்களுக்கு அது உறுத்தும். ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், இரண்டு கணினியில் போடலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: ரிசால்வின் மீடியா பக்கத்தில் மேல் இடது மூலையில் க்ளோன் டூல் இருக்கிறது. கார்டை மூலமாகவும், இரண்டு டி7களையும் இலக்காகவும் இழுத்துப் போட்டால் ஒரே ஓட்டத்தில் இரண்டிலும் செக்சம் (நகல் மூலத்தோடு அச்சாகப் பொருந்துகிறதா என்று காட்டும் எண்) சரிபார்த்து எழுதும். ஃபைண்டரில் இழுத்துப் போடும் காப்பிக்கு அந்தச் சரிபார்ப்பு கிடையாது. கார்டின் ஃபோல்டர்களை முழுசாக எடுங்கள், கிளிப்பை மட்டும் பொறுக்காதீர்கள். இரண்டு டிரைவிலும் ஃபைல் திறக்கிறதா என்று பார்க்கும் வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. இரண்டு டிரைவும் ஒரே பையில் வீடு திரும்பவும் கூடாது.

புது ப்ராஜெக்ட் திறந்ததும் முதல் வேலை, டைம்லைன் ஃப்ரேம் ரேட்டை 25 என்று வைப்பது. கிளிப் டைம்லைனில் ஏறிய பிறகு அதை மாற்ற முடியாது. அடுத்து, மாஸ்டர் செட்டிங்ஸில் கேஷ் (ரிசால்வ் சேமிக்கும் தற்காலிக ஃபைல்கள்), ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் செய்யும் எடை குறைந்த நகல்) இரண்டின் இடத்தையும் டி7க்கு மாற்றுங்கள். அப்படியே விட்டால் கேஷ் உள் டிஸ்க்கில் குவியும், 512 ஜிபி எப்போது நிரம்பியது என்றே தெரியாது. ஓடாத ஃபுட்டேஜ் ஏதாவது வந்தால் மட்டும் ப்ராக்ஸி போடுங்கள்: 1080பி ப்ரோரெஸ் ப்ராக்ஸி மணிக்கு 17 ஜிபி அளவுதான் பிடிக்கும். ப்ராஜெக்ட் விவரம் லேப்டாப்பின் உள்ளேதான் இருக்கும் என்பதால், வேலைக்கு நடுவே .டிஆர்பி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து டிரைவில் வையுங்கள்.

ஹெட்போன் ஒயர் வைத்ததே வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி பிந்தும், நாதஸ்வரத்துக்கும் கெட்டிமேளத்துக்கும் வெட்டு விலகும். மூடிய வகை சோனி எம்டிஆர்-7506 இதற்குச் சரியான தேர்வு. சுருள் ஒயர்தான் மேசையில் தொல்லை.

மின்சாரத்துக்கு: ஜெனரேட்டர் மாறும்போது திடீரென்று எகிறும் வோல்டேஜிலிருந்து சார்ஜரைக் காக்க ஸ்பைக் கார்டு (எகிறலைத் தடுக்கும் பிளக் பலகை) கட்டாயம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. பவர் பேங்க் சேர்ப்பதானால் 65 வாட்டுக்குக் குறையாத பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) வெளியீடு உள்ள 20,000 எம்ஏஎச் போதும். அது 74 வாட் அவர். வெளியூர் கல்யாணத்துக்கு விமானத்தில் போனாலும் 100 வாட் அவர் வரம்புக்குள் வரும். கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.