தையல் போட பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டுமா? எந்த மருந்து, எதற்கு?

தேயிலைச் சரிவில் ஓடி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்ட மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மார் பலரும் கேட்பது, "மிஸ், தூங்க வச்சுத் தைக்க மாட்டீங்களா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் பயத்தைத் தணிக்கும் மருந்து வேறு, வலியை மறைக்கும் மருந்து வேறு.

பயத்தைத் தணிக்கும் மருந்துகளில் அதிகம் பேசப்படுவது மிடசோலம். வாயால் கொடுத்தால் வழக்கமாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், பிடிக்க 20, 30 நிமிடம் ஆகும். பிள்ளை சாந்தமாகும், நடந்ததையும் பெரும்பாலும் மறந்துவிடும். ஆனால் கடும் கசப்பு. பாதியைத் துப்பிவிட்டால் உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மூக்கில் விட்டால் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் எரியும். சில பிள்ளைகள் அடங்குவதற்குப் பதிலாகக் கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுவதும் உண்டு. முக்கியமாக, இது வலியைக் குறைக்காது. விறைக்க வைக்கும் ஊசி எப்படியும் வேண்டும்.

கெட்டமின் வலியையும் சேர்த்து மறைக்கும். இரத்த நாளத்தில் ஊசியாகப் போட்டால் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். எலும்பை நேராக்க, பெரிய கட்டியைக் கீறச் சரியான மருந்து. பிள்ளை கண்ணைத் திறந்தபடியே கிடக்கும், கருவிழி இங்கும் அங்கும் ஆடும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெற்றவர்கள் பதறிப்போவார்கள். மூச்சு பொதுவாக நிற்காது என்றாலும், அரிதாகத் தொண்டை இறுகலாம். அதனால் ஒக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, மூச்சுப்பாதையைக் கையாளத் தெரிந்த டொக்டர் மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. அதற்காகப் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரி வரை போக நேர்ந்தாலும் போகலாம். விழித்தபின் வாந்தி வரலாம். நம் ஊர் மலைப்பாதை வளைவுகளில் அது இன்னும் மோசம்.

ஒக்சிஜனோடு கலந்து மூச்சில் இழுக்கும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவின் மயக்கம் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் முகமூடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்க மனம் வைக்கும் பிள்ளைக்குத்தான் சரி. இன்னொரு விஷயம்: நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அதே கலவை கொழும்பில் வேலை செய்யும் அளவுக்கு இங்கே செய்யாது.

டெக்ஸ்மெடெடோமிடின் என்ற தூக்க மருந்தை மூக்கில் விட்டால் எரியாது, அரைமணி முக்கால்மணியில் தூக்கம் வரும். அசையாமல் படுக்க வேண்டிய ஸ்கேனுக்கு நல்லது, தையலுக்கு அல்ல. வீட்டில் இருக்கிற சளி மருந்தைக் கொடுத்துத் தூங்க வைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் புரோமெதசின் இருந்தால் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூச்சே அடங்கிப்போகலாம்.

என்னைக் கேட்டால் நாலைந்து தையலுக்கு முதலில் அம்மாவின் மடி, கையில் ஒரு ஃபோன், நன்றாக விறைக்கும்வரை பொறுமை. அதுவும் சரிவராவிட்டால்தான் மிடசோலம். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத் தைப்பதைவிட மருந்து எவ்வளவோ மேல்.

அழுகையை நிறுத்த வழியில் பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தின் பொதுக் கணக்கு, சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. அவசரமென்றால் டொக்டர் முடிவெடுப்பார்.

அப்புறம் வீடு திரும்பும் ஆட்டோ. அரைத்தூக்கத்தில் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து தாடையை நிமிர்த்திப் பிடித்தபடி வர வேண்டும். கூப்பிட்டும் விழிக்கவில்லை என்றால் வண்டியை உடனே ஆஸ்பத்திரிக்கே திருப்புங்கள்.