கன எண்ணெயை அறிய: கரைப்பானா, வாயுக் குரோமட்டோகிராஃபியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தங்கை கேட்டாள்: "அண்ணா, கன எண்ணெயில், அதாவது தார் போல் கெட்டியான கச்சா எண்ணெயில், என்னென்ன இருக்கிறது என்று அறிய எந்த முறை நல்லது?" வேதியியல் படிக்கிறாள்.

வாயுக் குரோமட்டோகிராஃபி என்பது பொருளை ஆவியாக்கி, அதிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் முறை. அது வேகமானது, துல்லியமானது. ஆனால் ஆவியாகும் பொருளை மட்டுமே அது காணும். தார் போன்ற எண்ணெயில் பெரும்பகுதி ஆவியாகாமல் கருவியின் வாயிலிலேயே தங்கிவிடும்.

கரைப்பான் முறை எண்ணெயை நான்கு கூறாக்கும்: நிறைவுற்றவை (கார்பன்களிடையே ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ளவை), அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ளவை), பிசின், அஸ்பால்டீன் (மிகக் கனமான கூறு). முதலில் ஹெப்டேன் என்ற கரைப்பானைத் தாராளமாக ஊற்றுவார்கள். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டதும் அது திரள்வதை அம்மா எத்தனை முறை காட்டியிருக்கிறார்! வேதியியல் வேறுதான், கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய அதே காட்சி. அஸ்பால்டீன் கரும்பழுப்புத் துகளாகப் பிரிந்து அடியில் படியும். வடிகட்டிய மீதியைச் சிலிக்கா அல்லது அலுமினா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஹெப்டேன், டொலுவீன், பிறகு மெத்தனால் கலந்த டொலுவீன் என அடுத்தடுத்து ஊற்றிக் கழுவி எடுப்பார்கள். நேரம் பிடிக்கும், தனிச் சேர்மத்தின் பெயரும் கிடைக்காது.

ஆனாலும் எண்ணெய்க் குழாயை அடைத்துத் தொல்லை தருவது அந்த அஸ்பால்டீன்தான். அதனால் கரைப்பான் முறையையே முதலில் செய்யச் சொன்னேன். நிறைவுற்ற கூறு கைக்கு வந்ததும், அதில் ஆவியாகும் பகுதியை வாயுக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.