வெப்மெயிலில் இருக்கிறது, போனில் இல்லை: நாலு சீசன் அனுபவம்

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் அப்புறம் சீசன் முடியும்வரை மெயிலில்தான் பொழுது போகும். பார்ட்டி லோகோ அனுப்புவார், நான் புரூஃப் (சரிபார்க்கும் மாதிரி) அனுப்புவேன், கரெக்‌ஷன் வரும், ஓகே வந்ததும் அச்சடிக்கும் பிளேட் போடுவோம். மெயில் முகவரி பிரஸ் பெயரிலேயே சொந்த டொமைனில் இருக்கிறது. மாதம் சில நூறு ரூபாய் வாங்கும் ஒரு ஹோஸ்டிங்காரரிடம் போட்டு வைத்திருக்கிறோம்.

2021 சீசனில் ஒரு நகைக்கடை அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, கடை நம்பர் மாறிருச்சுன்னு நேத்து ராத்திரியே மெயில் போட்டேனே, பாக்கலையா?" என்றார். போனில் அப்படி எதுவும் இல்லை. வெப்மெயிலைத் திறந்தால் இரவு 9.40-க்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் பிளேட் போட்டாகிவிட்டது. அந்த பிளேட் காசு என் கணக்கில் ஏறியது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மெயில் வரவில்லை என்றால் செட்டிங்ஸில் கை வைக்கும் முன் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பார்ப்பேன். அங்கே இருந்தால் கோளாறு போனில். அங்கேயும் இல்லை என்றால் போனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அண்ணாச்சி மெயில் விஷயத்தில் கோளாறு போனில்தான். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்தே, திரை அணைந்து சும்மா கிடக்கும் போன் ஆப்களைத் தூங்க வைத்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் என்று வைத்திருந்தாலும் ராத்திரியில் அது எப்போது எழும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செட்டிங்ஸில் மெயில் ஆப்புக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினேன். என் போனில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இன்னொரு பூட்டும் இருந்தது, அதையும் திறக்க வேண்டியிருந்தது. சிஸ்டம் அப்டேட் வந்தால் இரண்டும் பழையபடி மாறிவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு போய்ப் பார்த்துவிடுவேன்.

அதோடு ஆப்பையும் மாற்றினேன். ஐமேப் என்பது மெயிலை ஹோஸ்டிங்காரரின் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் காட்டும் முறை. அதில் ஐடில் என்று ஒரு வசதி, 1997-லேயே வந்தது. போன் சர்வரோடு தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும், மெயில் விழுந்ததும் சர்வர் தட்டிச் சொல்லும். போனோடு வந்த ஆப் என் டொமைன் கணக்குக்கு அதைச் செய்யவில்லை, கே-9 மெயில் என்ற வேறொரு ஆப் செய்தது. புதிய மெயிலுக்குக் காத்திருப்பதாக ஒரு அறிவிப்பு மேலே நிரந்தரமாக நிற்கும். முதலில் எரிச்சல், இப்போது அது தெரியாவிட்டால்தான் பயம். 2022-இல் கே-9, தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளின் குடும்பத்தில் சேர்ந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டு வந்ததும் அதற்கு மாறிவிட்டேன். உள்ளே கிட்டத்தட்ட அதே ஆப்தான். பேட்டரி கொஞ்சம் கூடத்தான் போகிறது, பிளேட் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

அடுத்த சீசனில் நேர்மாறாக ஒன்று. ராத்திரி போனில் வந்த மெயில்கள் காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. வெப்மெயிலில் பார்த்தால் அங்கேயும் காலி. யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் மறையவில்லை என்பதைக் கவனித்தபோதுதான் பொறி தட்டியது. ஒன்பதரைக்குத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்வார்கள்! எனக்கு முன்பிருந்தவர் அதில் கணக்கை பாப்3-இல், அதாவது மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறையில், அமைத்திருந்தார். சர்வரில் ஒரு பிரதி விட்டு வைக்கவும் என்ற டிக் இல்லை. அது தினமும் வந்து பெட்டியை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டரையும் ஐமேப்புக்கு மாற்றி, போர்ட் 993 (ஐமேப்பின் பாதுகாப்பான இணைப்புக்கான எண்) கொடுத்து, பழைய மெயில்களை சர்வர் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டேன்.

இழுத்துப் போட்டதில் 1 ஜிபி பெட்டி நிரம்பிவிட்டது. மெயிலில் போகும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். 15 எம்பி பிடிஎஃப் அங்கே 20 எம்பி இடத்தைப் பிடிக்கும். முடிந்த வேலைகளை ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தினேன், சரியாகிவிட்டது.

இதையெல்லாம்விட என்னை அலைக்கழித்தது வீட்டு வைஃபை. ஒரு வாரம், மொபைல் டேட்டாவில் மெயில் வரும், வைஃபையில் வராது. வெப்மெயில் பக்கமே வைஃபையில் திறக்கவில்லை. மற்ற எல்லா தளமும் திறந்தன. ரவுட்டரை ரீசெட் செய்தேன், பிராட்பேண்ட் தம்பியை இரண்டு தடவை வரவழைத்தேன், அவர் யூடியூப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். கடைசியில் ஹோஸ்டிங்காரர் சொன்னார்: உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பின் எண்) தப்பான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் சர்வரே தடுத்துவிட்டது. தடையை எடுத்தார்கள். அரை மணியில் மறுபடி தடை. போனில் பாஸ்வேர்டு சரிதான். "அந்தப் பழைய டேப்லெட்ல மெயில் போட்டிருந்தீங்களே?" என்று கேட்டது என் மனைவி. பையன் கார்ட்டூன் பார்க்கும் டேப்லெட். போன மாதம் மாற்றிய பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது. பழையதை வைத்துக்கொண்டு இருபத்து நாலு மணி நேரமும் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் கணக்கை நீக்கினேன், அன்றோடு தொல்லை ஒழிந்தது.

சின்னதாக இன்னொன்று. போனிலிருந்து அனுப்பியவை வெப்மெயிலின் அனுப்பியவை பகுதியில் தெரியாவிட்டால், ஆப் தனக்கென்று வேறொரு ஃபோல்டர் வைத்திருக்கும். கணக்கு செட்டிங்ஸில் எந்த ஃபோல்டர் என்று காட்டிவிட்டால் போதும்.

இந்த சீசனில் மெயில் எதுவும் தவறவில்லை. தவறாமல் வருவதுதான் இப்போது பிரச்சினை. அண்ணாச்சி ராத்திரி பதினொன்றரைக்கும் கரெக்‌ஷன் அனுப்புகிறார், போன் உடனே டிங் என்கிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் வராமல் அமைதி நேரம் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் பிளேட்டுக்கு முன் அவர் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.